உறங்கும் முன் ஓதுவது, சிதை முன் ஓதுவது

சீக்கியர் இரவில் படுக்கப் போகும் முன் ஓதும் பிரார்த்தனைக்குக் கீர்த்தன் சோஹிலா என்று பெயர். ஐந்தே பாடல்கள். மூன்று குரு நானக் பாடியவை. மற்ற இரண்டும் குரு ராம்தாஸும் குரு அர்ஜனும் பாடியவை. குருத்வாராவில் அன்றைய வழிபாடு முடிந்து புனித நூலான குரு கிரந்த சாஹிபைத் துணி சுற்றிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லும் வேளையிலும் இதையே ஓதுகிறார்கள். சுடுகாட்டில் சிதை நன்றாகப் பற்றிக்கொண்டதும், சுற்றி நிற்பவர்கள் ஓதுவதும் இதே ஐந்து பாடல்களைத்தான். முதல் பாடலில் மரணம், நாள் குறித்தாகிவிட்ட கல்யாணமாக வருகிறது. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஐம்பது வயதில் தாயைச் சிதையில் வைத்துவிட்டு நிற்கும்போது காதில் விழும் சொல் எதுவும் புதிதாக இருக்காது. இழப்பைத் தாங்கும் வலிமை சீக்கியர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் அவர்களுடைய போர் வரலாற்றைத்தான் காட்டுவார்கள். என் கணிப்பு வேறு. இழப்பு வருவதற்கு முன்பே படிந்துவிட்ட அன்றாடப் பழக்கமும், வந்த பிறகு பலரோடு சேர்ந்து செய்தாக வேண்டிய வேலையும்தான் அந்த வலிமைக்கு ஊற்று. மறுமையில் என்ன கிடைக்கும் என்ற வாக்குறுதிக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

அந்த வேலை என்ன என்பதைச் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் ஏற்றுக்கொண்ட ரெஹத் மரியாதா என்னும் நடைமுறை நூல் சொல்கிறது. கட்டிலில் உயிர் பிரிந்தால் உடலைத் தரையில் இறக்க வேண்டாம். விளக்கு வேண்டாம், கோதானம் வேண்டாம், கபாலத்தை உடைக்கும் சடங்கு வேண்டாம், எரித்த இடத்தில் சமாதி எழுப்பவும் வேண்டாம். இத்தனை வேண்டாம்களுக்குப் பிறகு செய்யச் சொல்வதில் முக்கியமானது ஒன்றுதான்: குரு கிரந்த சாஹிபை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பது. மொத்தம் 1,430 பக்கங்கள். முடிந்தவரை வீட்டாரும் உறவினரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும், பத்தாம் நாள் முடித்தால் நல்லது என்கிறது நூல். நாளொன்றுக்கு 140 பக்கங்களுக்கு மேல் ஆகிறது. முறை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவர் குரல் கம்மினால் அடுத்தவர் எழுந்து வர வேண்டும். வந்துபோகிறவர்களுக்குச் சமைக்க வேண்டும். மனம் கலங்கிக் கிடக்கும் நாட்களில் கண்ணுக்கும் நாவுக்கும் கைக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. பத்தாம் நாள் ‘போக்’ என்னும் நிறைவு நிகழ்ச்சி. அர்தாஸ் பிரார்த்தனை முடிந்ததும் கடா பிரசாதம் வரும். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றையும் சம அளவில் போட்டுக் கிண்டிய அல்வா அது. இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினால் ஒரு பிடி சூடாக விழுகிறது, விரலெல்லாம் நெய். சாவு வீட்டில் இனிப்பா என்று நமக்குத் திடுக்கென்றிருக்கும். கல்யாணத்திலும் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதும் அவர்கள் கொடுப்பது இதைத்தான். மரணத்துக்கென்று தனிப் பண்டம் கிடையாது.

இதற்கு எதிராக வரும் முதல் வாதத்தை லேசில் ஒதுக்க முடியாது. மாரடித்து அழுவதையும் ஓலமிடுவதையும் விலக்கும் மதம் துக்கத்தை உள்ளே அமுக்கச் சொல்கிறது, அமுங்கிய துக்கம் வேறு வழியில் வெடிக்காதா என்பது அது. பஞ்சாபில் சியாபா என்றொரு பழைய வழக்கம் இருந்தது. ஒருத்தி ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க, மற்றப் பெண்கள் சுற்றி நின்று மார்பிலும் தொடையிலும் அறைந்துகொண்டு அழுவார்கள். அந்த ஒப்பாரிக்கு அலாஹணி என்று பெயர். குரு நானக் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதே வடிவத்தை எடுத்து, வடஹன்ஸ் ராகத்தில் தாமே அலாஹணிகள் பாடினார். இறந்தவரின் பெருமை இருந்த இடத்தில் படைத்தவனின் பெருமையும், எல்லோரும் ஒரு நாள் கிளம்ப வேண்டியவர்களே என்ற நினைப்பும் வந்தன. 1574-ல் கோயிந்த்வாலில் குரு அமர்தாஸ் இறக்கும் தறுவாயில் குடும்பத்தை அழைத்து, எனக்காக அழ வேண்டாம், கீர்த்தனம் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டதை அவருடைய கொள்ளுப்பேரன் சுந்தர் பாடலாக்கினார். அதுவும் குரு கிரந்த சாஹிபில் இருக்கிறது. கண்ணீருக்கு இந்த மரபு தடை போடவில்லை. யார் உரக்க அழுதார்கள் என்று ஊர் கணக்குப் பார்க்கும் அழுகையைத்தான் தடுக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒப்பாரி, பெண் தன் வாழ்நாள் குறைகளையெல்லாம் சபையில் சொல்லக் கிடைத்த இடமும்கூட. அது போனதில் ஒரு நஷ்டம் இருக்கத்தான் செய்கிறது, தமிழருக்கு அது நன்றாகவே புரியும். அதற்கு ஈடாக வந்தது எத்தகைய குரல் என்பதையும் பார்க்க வேண்டும். கிரந்தத்தின் கடைசிப் பகுதியில், நிலையாமையைச் சொல்லும் 57 சலோகங்கள் வருகின்றன. பாடியவர் ஒன்பதாம் குரு தேக் பகதூர். 1675-ல் டில்லி சாந்தனி சௌக்கில் தலை வெட்டப்பட்டு இறந்தவர். போக் நாளில் துக்க வீட்டார் கேட்பது அந்த மனிதரின் சொல்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. நடப்பதெல்லாம் இறைவனின் ஹுக்கம், அதாவது கட்டளை, அதை மனமார ஏற்பதே பக்தி என்றால், கொலைகாரனுக்கு அது வசதியாகப் போய்விடாதா? வரலாறு நேர்மாறாக இருக்கிறது. குரு கோவிந்த் சிங் ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். ஆனந்தபூர் முற்றுகைக்குப் பிறகு, சில நாள் இடைவெளியில் நான்கு மகன்களும் போனார்கள். மூத்தவர் இருவர் சம்கௌர் போரில், சிறுவர் இருவர் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டு. குருவின் தாயும் அங்கேயே இறந்தார். குரு அதை இறைவனின் சித்தமாக ஏற்றார். ஏற்ற அதே மனிதர் 1705-ல் பாரசீகச் செய்யுளில் ஜஃபர்நாமா எழுதி, செய்த சத்தியத்தை மீறினாய் என்று முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பை நேருக்கு நேர் குற்றம்சாட்டினார். மரணத்தை ஏற்பது வேறு, கொலையை ஏற்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நம் காலத்திலும் அதைப் பார்க்கலாம். 1984 நவம்பரில் டில்லியில் சீக்கியருக்கு எதிரான வன்முறையில் கொல்லப்பட்டவர்கள், அரசுக் கணக்குப்படியே 2,733 பேர். கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள் மிரட்டல்களுக்கு நடுவே பல்லாண்டு சாட்சி சொன்னார்கள். முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில், 34 ஆண்டுகள் கழித்து. நம்பிக்கை அந்தப் பெண்களை நிமிர்ந்து நிற்க வைத்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அரசு செய்யத் தவறியதை நம்பிக்கை ஈடுகட்டிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விதவைகளைக் குடியேற்றிய திலக் விஹாரில், தகப்பனில்லாமல் வளர்ந்த பிள்ளைகளில் பலர் போதையில் அழிந்தார்கள்.

2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், ஓக் க்ரீக் குருத்வாராவுக்குள் வெள்ளை இனவெறியன் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். லங்கர் என்னும் பொது உணவுக்குச் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் மளிகைச் சாமான் வைக்கும் சிற்றறைக்குள் ஒடுங்கி உயிர் தப்பினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். படுகாயமடைந்த ஏழாமவர் பல ஆண்டுகள் அசைவின்றிக் கிடந்து 2020-ல் இறந்தார். போலீஸ் விசாரணை முடிந்து கட்டடம் கைக்கு வந்ததும், சங்கத்தார் தாங்களே கழுவினார்கள், சுவருக்கு வண்ணம் பூசினார்கள். அடுத்த ஞாயிறே வழிபாடு நடந்தது, லங்கரும் நடந்தது. குண்டு துளைத்த ஓட்டைகளில் ஒன்றை மட்டும் கதவுச் சட்டத்தில் அடைக்காமல் விட்டார்கள். அதிர்ச்சியில் இருப்பவர்கள் வேலையில் ஒளிந்துகொள்கிறார்கள் என்று இதை விளக்கலாம்தான். அர்தாஸைக் கவனித்தால் அந்த விளக்கம் போதாது என்று தெரியும். தினமும் சொல்லும் அந்தப் பிரார்த்தனையில், அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வரிசையாக நினைக்கப்படுகிறார்கள். முடிவில் கேட்பது எல்லோருக்குமான நன்மையை. தன் வீட்டு இழப்பு வரும் நாளில் அதை எந்த வரிசையில் வைப்பது, அடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பழுதில்லாமல் இல்லை. எந்நிலையிலும் தளராத மனம், சட்தி கலா, என்ற லட்சியம் சில வீடுகளில் கட்டளையாக இறுகிவிடுகிறது. மாதக்கணக்கில் தூக்கமில்லாதவரிடம் மருத்துவரைப் பார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சட்தி கலாவில் இரு என்கிறார்கள். அஸ்தியைக் கரைக்க இந்த இடம் என்று புனிதத் தலம் எதுவும் தேவையில்லை என்று விதி இருந்தும், மக்கள் கிராத்பூர் என்னும் தலத்துக்குத்தான் எடுத்துப் போகிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, போக ஓர் இடம் வேண்டியிருக்கிறது. பத்தாம் நாளுக்குப் பிறகு சடங்கு எதுவும் மிச்சமில்லை என்கிறது ரெஹத் மரியாதா. தனிமை மிச்சமிருக்கிறது. உடன்கட்டை ஏறுவதைக் கண்டித்த குரு அமர்தாஸின் மரபில், கணவனை இழந்தவள் மறுநாளே லங்கர் சமையற்கூடத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து ரொட்டி தேய்க்கலாம். நடமாட முடிந்தவருக்கு அது பெரிய வரம். பிள்ளையோடு கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய், அழைத்துப் போக ஆளில்லாமல் அறைக்குள் கிடக்கும் முதியவருக்கு அந்தச் சங்கத், அதாவது கூடியிருப்போரின் துணை, கிடைப்பதில்லை. அவரை வாரம் இருமுறையாவது வண்டி வைத்து அழைத்துவருவது குருத்வாராக் கமிட்டிகளின் வேலை. லங்கருக்கு மாவு வாங்கும் அதே கணக்கிலிருந்து அதற்கும் பணம் ஒதுக்கலாம்.