சீமைக்கருவையை அழிச்சு வீடு கட்டப் போறீங்களா? மானுக்கும் ஒரு மூலை விடுங்க!

வலையபட்டி:
செட்டிநாட்டுப் பக்கம் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவை. அதுக்கு நடுவே ‘நிலம் விற்பனைக்கு’ போர்டு. வெளியூரில், வெளிநாட்டில் சம்பாதித்தவர்கள் ஊரில் நாலைந்து ஏக்கர் வாங்கி, கருவையை வழித்துவிட்டு, சின்னதா ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறார்கள். ‘விடிகாலையில் ஜன்னலைத் திறந்தா வாசலில் மான் மேயணும்’ என்று கனவு காண்பவர்களும் உண்டு.

ஆசை தப்பில்லை. ஆனால் ஜே.சி.பி.யை இறக்கி ஒரே நாளில் மொட்டையடித்தால் மான் வராது. அங்கே ஏற்கனவே ஒண்டியிருந்த மானும் ஓடிவிடும். எங்கே ஓடும்? ரோட்டுக்கு. ஊருக்குள். நாய் வாய்க்கு. இல்லாவிட்டால் சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு.

கோடை வந்தால் ‘தண்ணீர் தேடி வந்த புள்ளிமான் நாய்கள் கடித்து பலி’ என்ற செய்தி வராத வருஷம் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் புதர்க்காடுகளில் புள்ளிமான் உண்டு. அதன் உயிர் நாம் நிலத்தை எப்படி திருத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

மானுக்கு வேண்டியது நாலு

புள்ளிமானின் முக்கிய தீனி புல். அது காய்ந்த நாளில் இலை, தழை, உதிர்ந்த பழம், காய். ஆக முதலில் வேண்டியது புல். இரண்டாவது நிழல். மூன்றாவது தண்ணீர். கோடையில் தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பதால், தண்ணீரை விட்டு ரொம்ப தூரம் போகாது. நாலாவது, ஆபத்து என்றால் பாய்ந்து மறைய பக்கத்திலேயே ஒரு புதர்.

வெட்டவெளியாக கிடந்தாலும் புள்ளிமான் தங்காது. ஆள் நுழைய முடியாத முள்காடாக இருந்தாலும் தங்காது. மேய வெளி, ஒளிய புதர், இரண்டும் ஒட்டி இருக்கிற இடம்தான் அதுக்கு பிடிக்கும். தைலமரக் காட்டில் நிழல் இருந்தும் மானுக்கு மேய்ச்சல் குறைச்சல். அடியில் புல் சரியாக வராததுதான் காரணம்.

ஜமைக்காவில் இருந்து வந்த வினை

சீமைக்கருவை நம்ம ஊர் மரம் அல்ல. 1877ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஜமைக்காவில் இருந்து விதை வரவழைத்து ஆந்திராவின் கடப்பா பக்கம் போட்டார்கள். விறகுக்கு ஆகும், வறட்சிக்கு தாங்கும் என்று கொண்டுவந்த மரம், இப்போது கண்மாய், ஊரணி, தரிசு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அதன் காயை ஆடும் மாடும் மானும் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு, புழுக்கையோடு விழும். விழுந்த இடத்தில் முளைக்கும்.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரை சாட்சி. 1967ல் சரணாலயம் ஆன அந்த இடத்தில் வெளிமான்கள் உண்டு. பெயரிலேயே இருக்கிறது, அது வெளியில் மேய்கிற மான். சீமைக்கருவை பரவப் பரவ புல்வெளி சுருங்கியது. மேய்ச்சல் போச்சு. அங்கே கருவையை அகற்றுவது மானுக்காகவே நடக்கிற வேலை.

2017ல் சீமைக்கருவையை ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும், அதே வருஷம் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மரத்தை எடுக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. எடுத்தபின் அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி.

எடுப்பது எப்படி?

ஐந்து ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் மட்டும் திருத்தினால் போதும். மீதி கருவை அப்படியே நிற்கட்டும். புது மரம் தலை தூக்கும் வரை மானுக்கு அதுதான் மறைவு.

அடியோடு வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. வெட்டிய தூரில் இருந்து ஒன்றுக்கு பத்தாக துளிர்க்கும். தூரோடு, வேரோடு பிடுங்க வேண்டும். ஆடி, ஆவணியில் நாலு மழை பெய்து மண் இளகிய நேரம் இதற்கு தோது.

வண்டி இறங்கும் முன் ஆட்கள் இறங்கி புதர் புதராக பார்க்க வேண்டும். தாய்மான் குட்டியை புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல் கிடக்கும், கண்ணுக்கு சட்டென்று தெரியாது. அப்படி பார்த்தால் ‘அனாதைக் குட்டி’ என்று தூக்கி வரக்கூடாது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். விலகி வந்துவிட்டால் தானாக வந்து கூட்டிக்கொண்டு போகும்.

வெட்டிய கட்டையை வயலிலேயே கொளுத்த வேண்டாம். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு கொடுத்தால் வெட்டுக்கூலியில் ஒரு பங்கு திரும்பும், அவர்களுக்கும் பிழைப்பு. கண்மாய், புறம்போக்கில் நிற்கிற மரத்தை மட்டும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

வெறும் மண்ணாக விடாதீங்க

பிடுங்கிய இடத்தை சும்மா போட்டால் அடுத்த மழையில் கருவையே முளைக்கும். விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன்பே கொழுக்கட்டைப் புல் விதையை தூவிவிட வேண்டும். அறுகு தானாக படரும். ஓரங்களில் நாவல், நெல்லி, இலந்தை, இலுப்பை, வேம்பு, புங்கன், ஆல், அத்தி. உதிர்கிற பழம் மானுக்கு. நிழல் எல்லோருக்கும். முதல் இரண்டு மூன்று வருஷம் கருவைக் கன்றை கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கிற நாலு பேருக்கு அதில் வேலை.

தண்ணீர்தான் உயிர்

பள்ளமான பக்கம் ஒரு சின்ன குட்டை வெட்டினால் மழைத் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கக் கரை சரிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் இறங்கிய மான் ஏறி வர முடியும். நாலு பக்கமும் செங்குத்தான தொட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை இரண்டும் மானுக்கு பொறி. கால் வழுக்கி ஏற முடியாமல் செத்துப்போகும்.

கருவையை எடுக்கும்போது புதருக்குள் மறைந்த பாழ்கிணறு தென்படலாம். முதல் வேலையாக அதற்கு சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், அல்லது மூட வேண்டும். மானுக்கு மட்டும் அல்ல, மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

வீடு எங்கே?

நிலத்துக்கு நட்டநடுவில் வீடு கட்டினால் மானுக்கு இடம் இல்லை. ரோட்டை ஒட்டிய மேட்டு மூலையில் கட்டினால் பாதை செலவும் மிச்சம், பின்பக்கம் முழுக்க காடாக நிற்கும். செட்டிநாட்டு பழைய வீடுகளில் கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து சேர்வது எல்லோருக்கும் தெரியும். அதே முறையில் புது வீட்டுக் கூரைத் தண்ணீரை குட்டைக்கு திருப்பலாம்.

முள்கம்பி வேலி வேண்டாம். தாண்டும்போது வயிறு கிழியும். காய்கறித் தோட்டத்தை சுற்றி மட்டும் வேலி போட்டால் போதும். திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிற வேலி மனுஷனையும் கொல்லும், ஜெயிலுக்கும் அனுப்பும். வளர்ப்பு நாயை ராத்திரி கட்டிப்போட வேண்டும். நாய் கடிக்காமல் துரத்தினாலே போதும், ஓடிய அதிர்ச்சியில் மான் செத்துவிடும்.

மனுஷன் வீடும் மானும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா? சென்னை கிண்டியில் ஆளுநர் மாளிகையும், 1978ல் தேசியப் பூங்கா ஆன 2.7 சதுர கிலோமீட்டர் காடும் ஒட்டியே இருக்கின்றன. பக்கத்தில் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர் விடுதி அருகிலேயே மான் மேயும். ஆனால் அங்கேயும் நாயும் பிளாஸ்டிக்கும் பெரிய தலைவலி. செத்த மானின் வயிற்றில் பிளாஸ்டிக் பை கிடந்தது உண்டு. அதனால் குப்பையை வெளியே வீசக்கூடாது. கையால் தீனி போட்டு பழக்கவும் கூடாது. மனுஷனைக் கண்டு பயப்படாத மான் கண்ணி வைப்பவனிடமும் போய் நிற்கும்.

மான் உங்களுக்கு சொந்தம் அல்ல

நிலம் பட்டாவாக இருக்கலாம். மான் பட்டா அல்ல. 1972ம் வருஷத்து வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி மானைப் பிடிப்பது, அடைத்து வளர்ப்பது, கொல்வது, கறியை விற்பது எல்லாமே குற்றம். அடிபட்ட மானைப் பார்த்தால் கூட்டம் கூடாமல், துணியால் கண்ணை மறைத்து நிழலில் விட்டு வனத்துறைக்கு சொல்ல வேண்டும். கிணற்றில் விழுந்தால் தீயணைப்பு நிலையம், 101.

பக்கத்து வயல்காரரிடமும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நம்ம நிலத்துக்கு வந்த மான் அவர் கடலையை மேய்ந்தால் நஷ்டம் அவருக்கு. நம்ம பக்கம் புல்லும் தண்ணீரும் போதுமான அளவு இருந்தால் அது வயலுக்கு போவது குறையும்.

திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்து ஓடக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களே விட்டுக்கொடுத்தது. அதே மாவட்டத்தில் நிலம் வாங்கி வீடு கட்டுகிறவர் மானுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு மூலை, ஒரு குட்டை, கொஞ்சம் பொறுமை.

மானை யாரும் கொண்டுவந்து விட முடியாது. இடம் சரியாக இருந்தால் அதுவே வரும்.