நோயும் துயிலும்

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் சென்னை அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். சிகிச்சை பெற்றுப் பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூருக்குத் திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டார் அன்போடு, "எந்த வேலையும் வேண்டாம், படுத்தே இருங்கள்" என்பர். அந்த அன்பே சில வேளைகளில் தீங்காகி விடுகிறது. எவ்வாறு?

வயலில் உழைத்தவரின் களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். புற்றுநோயாளரின் அசதியோ ஓய்வினால் மட்டும் தீர்வதில்லை. நோய், மருந்து, கதிர்வீச்சு, இரத்தச் சோகை, வலி, கவலை ஆகியவை கூடி அதனை விளைவிக்கின்றன. பகலெல்லாம் படுத்திருந்தால் இரவில் துயில் வாராது. துயிலாமையால் மறுநாள் அசதி மிகும். அசதியால் மீண்டும் படுக்கை. இச்சுழலை அறுக்க வேண்டும்.

நம் மூளையினுள் ஒரு கடிகாரம் உண்டு. அதனை நாள்தோறும் சரிசெய்வது காலை வெளிச்சமே. ஆகவே ஒரே நேரத்தில் எழுந்து, மருத்துவர் இசைவுடன் இளவெயிலில் சிறிது நடத்தல் நன்று. பகலுறக்கம் அரைமணியைத் தாண்ட வேண்டாம். பிற்பகலில் காப்பி, தேநீரைத் தவிர்க்கலாம். இரவில் நெடுநேரம் உறக்கம் வாராவிடில், எழுந்தமர்ந்து, கண் அயரும்போது மீண்டும் படுக்கலாம். வலி உறக்கத்தைக் கெடுத்தால் மருத்துவரிடம் கூற வேண்டும். தாமாகத் தூக்க மாத்திரை உட்கொள்ளலாகாது.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் இத்தகையவர் இருப்பின், காலையில் அவர் கைபற்றி வாசல்வரையேனும் அழைத்துச் செல்லுங்கள். இரவில் வானொலியின் ஒலியைக் குறையுங்கள். மருந்தை மருத்துவர் தருவார். துயிலுக்கு வேண்டிய அமைதியை நீங்கள் தரலாம்.