இளைஞர் நாவல்களில் கணிதம்

கணிதம் ஒரு பக்கம், இலக்கியம் மறுபக்கம் என்ற பிரிவு பாடசாலைக் காலத்திலேயே நம் மனதிற் பதிந்துவிடுகிறது. உயர்தர வகுப்பில் கலைப்பிரிவுக்குப் போனவர்கள் இனி எண்களைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று நிம்மதி அடைகிறார்கள். கணிதப் பிரிவுக்குப் போனவர்களுக்கோ நாவல் வாசிக்க நேரமில்லை. இந்தப் பிரிவை ஏற்க மறுக்கும் மூன்று நாவல்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மூன்றிலும் பதின்ம வயதினரே பிரதான பாத்திரங்கள். மூன்றிலும் கணிதம் அவர்களுடைய அன்றாட வாழ்வோடு பின்னப்பட்டிருக்கிறது.

நான் கணித ஆசிரியன் அல்லன். இலக்கிய வாசகன் என்ற முறையிலேயே இவற்றை அணுகுகிறேன்.

கணிதத்தைக் கதையாகச் சொல்லும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தில் பாடசாலை அதிபராக இருந்த எட்வின் அபொட் 1884இல் எழுதிய 'ஃப்ளற்லாண்ட்' என்ற நூலில், இரு பரிமாண உலகில் வாழும் ஒரு சதுரமே கதை சொல்கிறது. ஜேர்மன் கவிஞர் ஹான்ஸ் மக்னுஸ் என்சென்ஸ்பேர்கர் 1997இல் சிறுவர்க்கென ஒரு நூல் வெளியிட்டார். கணக்கை வெறுக்கும் றொபேட் என்ற சிறுவனின் கனவில் எண்களின் பூதம் ஒன்று வந்து, பன்னிரண்டு இரவுகள் அவனுக்கு எண்களின் அதிசயங்களைக் காட்டுகிறது. இரண்டும் நல்ல நூல்கள். ஆனால் இரண்டிலும் கணிதத்தைச் சந்திக்க வாசகன் தன் உலகத்தை விட்டு வெளியே போகவேண்டியிருக்கிறது. நான் இன்று எடுத்துக்கொள்ளும் நாவல்கள் கணிதத்தை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவந்து விடுகின்றன.

முதலாவது, மார்க் ஹடன் என்ற ஆங்கில எழுத்தாளர் 2003இல் வெளியிட்ட 'த கியூரியஸ் இன்சிடன்ற் ஒஃப் த டோக் இன் த நைற்-ரைம்'. அவ்வாண்டின் விற்பிறெட் பரிசைப் பெற்ற நாவல் இது. சுவின்டன் நகரில் தந்தையோடு வாழும் பதினைந்து வயதுக் கிறிஸ்ரோபர், அயல் வீட்டு நாயைக் கொன்றவர் யார் எனத் துப்புத் துலக்கப் புறப்படுகிறான். மனிதரின் முகபாவங்களை வாசிக்க அவனுக்கு முடியாது. உருவகமும் நகைச்சுவையும் அவனைக் குழப்புகின்றன. எண்கள் மாத்திரம் அவனைக் குழப்புவதில்லை. நாவலின் அத்தியாயங்களுக்கு அவன் 1, 2, 3 என இலக்கமிடாமல், முதன்மை எண்களான 2, 3, 5, 7, 11 என்றே இலக்கமிடுகிறான். பயம் வரும்போது மனதிற்குள் கணக்குச் செய்து தன்னை அமைதிப்படுத்திக் கொள்கிறான். இறந்துவிட்டதாகத் தந்தை சொன்ன தாய் உயிரோடு இருப்பதை அறிந்து தனியே இலண்டனுக்கு ரயிலேறுகிறான். இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவே உயர்தரக் கணிதப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும் என்பதே அவனுடைய பிடிவாதம். பெரியவர்களின் பொய்கள் நிறைந்த வீட்டில், பொய் சொல்லாத ஒரேயொரு பொருளாக அவனுக்குக் கணிதம் இருக்கிறது.

இந்நாவலில் ஒரு புதிர் வருகிறது. மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தெரிவு செய்கிறீர்கள். எதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்த போட்டி நடத்துநர், மற்ற இரண்டில் ஆடு நிற்கும் ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார். பிறகு, உங்கள் தெரிவை மாற்ற விருப்பமா என்று கேட்கிறார். மாற்றுவது நல்லதா? 1990இல் அமெரிக்க எழுத்தாளர் மரிலின் வொஸ் சவன்ற் தமது பத்தியில், மாற்றுவதே நல்லது என எழுதியபோது கலாநிதிப் பட்டம் பெற்ற கணித அறிஞர்கள் உட்படப் பலர் அது பிழையென்று கடிதம் எழுதினார்கள். ஆனால் அவர் சொன்னதே சரி.

சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகளிடம் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுத்தேன். "மாமா, இது பிழை. ரெண்டு கதவுதானே மிச்சம். பாதிக்குப் பாதிதானே" என்றாள். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மூன்று கோப்பைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் ஒரு புளியங்கொட்டையை வைத்துத் தன் தம்பியோடு விளையாடிப் பார்த்தாள். இருபது முப்பது தடவை விளையாடிய பின்னர் அவளே காரணத்தைக் கண்டுகொண்டாள். முதலில் நாம் பிழையாகத் தெரிவு செய்யும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அப்படிப் பிழையாகத் தெரிவு செய்த ஒவ்வொரு முறையும், மாற்றினால் வெற்றி நிச்சயம். ஆகவே மாற்றுபவருக்கு வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு. பாடப்புத்தகத்தில் நிகழ்தகவு என்ற தலைப்பில் இது வந்திருந்தால் அவள் விடையை மனனம் செய்திருப்பாள். கிறிஸ்ரோபர் சொன்னதனால் அவனோடு சண்டை பிடித்தாள்.

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் ஜோன் கிறீன் 2006இல் எழுதிய 'அன் அபண்டன்ஸ் ஒஃப் கதரின்ஸ்'. கொலின் என்ற கெட்டிக்கார இளைஞன் பத்தொன்பது பெண்களைக் காதலித்தவன். பத்தொன்பது பேருக்கும் பெயர் கதரின். எல்லோரும் தன்னைக் கைவிட்டார்கள் என்பது அவனுடைய நினைவு. பத்தொன்பதாவது கதரினும் போன பின்பு, நண்பன் ஹசனோடு காரிற் புறப்பட்டு ரெனசி மாநிலத்தில் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்கிறான். காதலில் யார் யாரை எப்போது கைவிடுவார் என முன்கூட்டியே சொல்லும் ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடிக்க முயல்கிறான். நாவலில் வரைபுகள் வருகின்றன, அடிக்குறிப்புகள் வருகின்றன. டானியல் பிஸ் என்ற உண்மையான கணித அறிஞர் இதற்குத் துணைநின்று, நூலின் இறுதியில் பின்னிணைப்பும் எழுதியுள்ளார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. கொலினின் சூத்திரம் ஏறக்குறைய எல்லாக் கதரின்களுக்கும் பொருந்துகிறது, மூன்றாவது கதரினுக்கு மட்டும் பொருந்தவில்லை. சூத்திரத்தில் எங்கே பிழை எனத் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் அந்தப் பெண்ணுடனேயே தொலைபேசியிற் பேசுகிறான். அவளை அவன்தான் கைவிட்டிருந்தான் என்பது அப்போது தெரியவருகிறது. சூத்திரம் சரி, அவனுடைய நினைவுதான் பிழை. தன்னை எப்போதும் கைவிடப்பட்டவனாகவே எண்ணி வளர்த்த சுயஇரக்கத்தைக் கணிதம் உடைத்துவிடுகிறது. ஆயினும் நடந்து முடிந்தவற்றுக்குப் பொருந்தும் அச்சூத்திரம் இனி நடக்கப்போவதைச் சொல்லாது என்பதையும் அவன் கற்றுக்கொள்கிறான். கணிதத்தின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒரே காதற்கதைக்குள் காட்டியது கிறீனின் கெட்டித்தனம் எனலாம்.

மூன்றாவது நாவலே நான் விரிவாகச் சொல்ல விரும்புவது. யப்பானிய எழுத்தாளர் யூக்கி ஹிரோஷி 2007இல் வெளியிட்ட 'சூகாக்கு காரு', அதாவது 'கணிதப் பெண்கள்'. ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது. கணினி நிரலாக்கம் பற்றிய நூல்களால் அறியப்பட்டவர் யூக்கி. இந்நாவலைத் தொடர்ந்து ஃபெர்மாவின் இறுதித் தேற்றம், கேடலின் முழுமையின்மைத் தேற்றங்கள், கல்வாவின் கோட்பாடு முதலியவற்றை மையமாகக் கொண்ட தொடர் நாவல்கள் வெளிவந்தன. ஆறாவது நூல் 2018இல் வெளியாயிற்று. யப்பானியக் கணிதச் சங்கம் 2014இல் இவருக்கு வெளியீட்டுப் பரிசு வழங்கியது.

கதை மிக எளிமையானது. கதை சொல்பவன் உயர்நிலைப் பாடசாலை மாணவன். அவனுக்குப் பெயரில்லை. வசந்த காலத்தில், பாடசாலையின் முதல் நாளில், மிருக்கா என்ற சக மாணவியைச் சந்திக்கிறான். அவள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "1, 1, 2, 3" என்கிறாள். அவன் "5, 8, 13" என்று தொடர்கிறான். முன்னுள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வருகின்ற ஃபிபொனாச்சி ஒழுங்கு அது. அவர்களுடைய நட்பு இப்படித்தான் தொடங்குகிறது. முராக்கி என்ற ஆசிரியர் அவர்களுக்குச் சிறு அட்டைகளில் கணக்குகள் எழுதிக் கொடுக்கிறார். சில அட்டைகளில் வினாவே இருக்காது. ஒரு கோவை மாத்திரம் இருக்கும். வினாவையும் மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். பாடசாலை விட்டபின், நூலகர் வந்து நேரம் முடிந்ததென அறிவிக்கும்வரை அவர்கள் கணக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மிருக்கா மேதை. ஆனால் நாவலின் இதயம் தெத்ரா என்ற மற்றப் பெண். கதை சொல்பவனுக்கு ஒரு வகுப்புக் கீழே படிப்பவள். தனக்குக் கணிதம் உண்மையாக விளங்கினதாகத் தோன்றவில்லை என்று சொல்லி அவனிடம் உதவி கேட்டு வருகிறாள். முதன்மை எண்ணின் வரைவிலக்கணம் என்ன என்று அவன் கேட்கிறான். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண் என்ற பொருள்பட அவள் விடை சொல்கிறாள். நம்மிற் பலரும் அப்படித்தான் சொல்வோம். அப்படியானால் 1 முதன்மை எண்ணா? இல்லை, அதை விலக்கியிருக்கிறார்கள். ஏன் விலக்கினார்கள்?

விளக்கம் அழகானது. 6 என்ற எண்ணை முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதினால் 2 × 3 என வரும். வரிசையை மாற்றி எழுதலாமே தவிர வேறு விதமாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் இவ்வாறு ஒரேயொரு பிரிப்புத்தான் உண்டு. 1ஐயும் முதன்மை எண்ணாகச் சேர்த்தால் 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என முடிவின்றி எழுதிக்கொண்டே போகலாம். அந்த ஒருமைப்பாடு குலைந்துவிடும். அதனைக் காப்பதற்காகவே 1 விலக்கப்பட்டது. வரைவிலக்கணம் என்பது மனிதர் ஒரு காரணத்துக்காக எடுத்த தீர்மானம் என்று அறிந்ததும் தெத்ராவின் பயம் சற்றுக் குறைகிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் தீர்மானத்தை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இந்நாவலிற் குறைகள் இல்லாமலில்லை. வீடு, பெற்றோர், பணக்கஷ்டம் என்பன அதிகம் தலைகாட்டுவதில்லை. பெண் பாத்திரங்கள் ஒரு பையனின் கண்களூடாகவே தெரிவதால் சில இடங்களில் அவனுடைய கனவுப் பெண்களாகவே நின்றுவிடுகிறார்கள். பிற்பகுதி அத்தியாயங்கள் பல்கலைக்கழக மாணவருக்கும் சவாலானவை. இலக்கியத் தரத்தில் ஹடனின் நாவலையே நான் மேலே வைப்பேன். ஆனால் ஹடனும் கிறீனும் கணிதத்தைத் தனிமையில் இருப்பவனின் துணையாகக் காட்டினார்கள். யூக்கி அதைப் பலர் கூடிச் செய்யும் காரியமாகக் காட்டுகிறார். ஒருவர் விளங்கவில்லை என்கிறார், மற்றவர் தாளைத் திருப்பி மீண்டும் எழுதிக் காட்டுகிறார். யாரும் சிரிப்பதில்லை.

இது சிறிய விடயமன்று. சாதாரணதரத்தில் கணிதத்தில் சித்தியடையாததால் மேற்படிப்பின் கதவு மூடப்பட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். "உனக்குக் கணக்கு வராது" என்று பத்து வயதிலேயே கேட்டு, அதை நம்பி வளர்ந்தவர்கள் அவர்களுட் பலர். பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு நிறுவலும் முடிந்த நிலையில், திருத்தமாக அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் எத்தனை நாள் தடுமாறினார் என்பது அங்கே இராது. தடுமாற்றத்தைக் காட்டுவது கதையின் தொழில். ஒரு கணக்குக்கு முன்னால் ஒரு பெண் அரைமணி நேரம் மௌனமாக இருந்தாள் என்று ஒரு நாவல் சொல்லலாம். அந்த வரியை வாசிக்கும் பிள்ளை, தன்னுடைய மௌனமும் முட்டாள்தனமன்று என அறிந்துகொள்கிறது.

இந்நாவல்களை வாசிக்கப் புகும் இளைய நேயர்கள் அருகில் ஒரு பென்சிலையும் சில வெற்றுத் தாள்களையும் வைத்துக்கொள்வது நல்லது. சூத்திரம் விளங்காத இடத்தில் அதைத் தாண்டிக் கதையைத் தொடரலாம் என யூக்கியே முன்னுரையில் அனுமதி தருகிறார். பிறகு ஆறுதலாகத் திரும்பி வரலாம். அந்தச் சூத்திரம் எங்கும் போய்விடாது.