தைலமரத் தோட்டங்களும் கண்மாய் வரத்தும்

புதுக்கோட்டை ஜில்லாவில் 5,000-க்கு மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ளன. கிழக்கே காவிரி நீர் எட்டும் சில பகுதிகள் நீங்கலாக, இவை மழையையே நம்பியவை. மேட்டுக் காட்டில் பெய்த நீர் வரத்துவாரி வழியே வந்து சேர்ந்தாலன்றி மடை திறக்க வழியில்லை.

இப்பக்கத்து இயற்கைக் காட்டின் மரங்கள் உலக்கைப்பாலை, வீரை, காசா முதலியன. கோயிற்காடுகளில் அவற்றை இன்றும் காணலாம். 1974-ல் சர்க்கார் வனத்தோட்டக் கழகத்தை நிறுவிய பின்னர், காகிதக் கூழுக்கான தைலமரம் மேட்டுக் காடுகளில் பெருவாரியாகப் பரவிற்று. மலேசியாவில் மழைக்காட்டை அழித்துச் செம்பனை வைத்த கதையும் ஏறக்குறைய இதுவே. தழை, பழம், மேய்ச்சல் யாவும் போயின.

மரம் நீரை உறிஞ்சுகிறதென்பதே பலரும் கூறும் குறை. அதனினும் கவனிக்கத்தக்கது கரை. தோட்டத்து ஈரம் காக்கச் சரிவின் குறுக்கே வெட்டிய அகழிகளும் போட்ட கரைகளும் மழைநீரை மேலேயே நிறுத்திவிடுகின்றன. மரத்தை வெட்டினாலும் கரை நிற்குமாயின் கண்மாய்க்கு நீர் வாராது.

ஆகவே ஆயக்கட்டுதாரர்களும் கிராம அதிகாரிகளும் புரட்டாசியிலேயே கிராமப் படத்துடன் வரத்துவாரியை மேல்கோடி வரை நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைச் சர்வே எண்ணுடன் குறித்துத் தாசில்தாருக்கு எழுதுதல் வேண்டும். வாய்மொழி முறையீடு பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிடும்.

பட்டா மேட்டில் தைலமரம் வைத்தோரும் தம் நிலத்தூடு செல்லும் வாரியை அடைத்தல் கூடாது. மரத்தை ஒழிக்க விரும்புவோர் தூரையும் தோண்டி எடுப்பது அவசியம். இல்லையேல் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்.