கூடவே வரும் நிரல்கள்

பைத்தானிடம் ‘விழுப்புரம்’ என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். ‘திண்டிவனம்’ கொடுத்தால் 10. நம் கணக்கில் இரண்டுமே ஆறெழுத்து. யூனிகோடில் ‘வி’ என்பது ஒரே குறியீடு அல்ல. ‘வ’ ஒன்று, இகரக் கொக்கி இன்னொன்று. மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடுதான். தமிழில் சொல் விளையாட்டோ பிழைதிருத்தியோ செய்ய உட்காரும் மாணவர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்கு அவர் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கி, தன்னார்வலர்கள் பலர் கைகொடுத்து வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. லைப்ரரிகளை நிறுவும் ‘பிப்’ என்ற கருவிக்கு ‘பிப் இன்ஸ்டால்’ என்று ஒரு வரி அடித்தால் இறங்கிவிடும். அதிலுள்ள ஒரு செயற்கூற்றைக் கூப்பிட்டால் வி, ழு, ப், பு, ர, ம் என்று சரியாகப் பிரித்துத் தரும்.

அந்த ஒரு வரியிலிருந்து பிறர் எழுதிய நிரலின் மேல் நம் நிரல் நிற்கத் தொடங்குகிறது. மென்பொருள்காரர்கள் இதை டிபெண்டன்சி என்பார்கள். சார்பு என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்து மாணவர்களுக்கும் இது தேவையான பாடம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் தன்னார்வலர்கள் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறார்கள். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் திறந்தாயிற்று. நிரலெழுதிப் பிழைக்கப்போகும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் பெருகுகிறார்கள். சார்புகளைக் கையாளும் பழக்கம் அவர்களுக்குக் கல்லூரியிலேயே வந்துவிட வேண்டும்.

இறுதியாண்டு புராஜெக்ட் சமயத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல்: “என் லேப்டாப்பில ஓடுச்சு சார், லேப் சிஸ்டத்துல ஓடமாட்டேங்குது.” பெரும்பாலும் நிரலில் பிழை இருக்காது. மாணவர் தன் கோப்பில் லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதியிருப்பார். எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்க மாட்டார். மூன்று மாதம் கழித்து லேப் கணினியில் நிறுவும்போது அன்றைக்குள்ள புதிய பதிப்பு இறங்கும். அவர் நம்பியிருந்த ஒரு செயற்கூறு அதில் பெயர் மாறியிருக்கலாம், எடுக்கப்பட்டும் இருக்கலாம். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சமக்குறி போட்டுப் பதிப்பு எண்ணையும் எழுத வேண்டும். ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை நிறுவியுள்ள எல்லாவற்றின் எண்களையும் பட்டியலிட்டுத் தரும். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி மெய்நிகர்ச் சூழல் உருவாக்கிக்கொண்டு அதற்குள் இதைச் செய்வது முக்கியம். இல்லாவிட்டால் கணினியில் கிடக்கும் சம்பந்தமில்லாத லைப்ரரிகளும் பட்டியலில் ஏறிவிடும்.

பட்டியலைப் பார்த்தால் நாம் கேட்காத பெயர்களும் இருக்கும். நாம் கேட்ட லைப்ரரிக்கு வேறொன்று தேவை, அதற்கு இன்னொன்று தேவை. சிக்கலில் பெரும்பகுதி இந்த மறைமுகச் சார்புகளில்தான். விழுப்புரம் ஜங்ஷனில் திருச்சிக்குப் பாதை இரண்டாகப் பிரியும். கார்டு லைன் விருத்தாசலம், அரியலூர் வழி. மெயின் லைன் மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழி. இரண்டும் திருச்சியில் மறுபடி கூடுகின்றன. அதுபோல, நாம் வைத்திருக்கும் இரண்டு லைப்ரரிகள் வெவ்வேறு வழியில் போய் ஒரே மூன்றாவது லைப்ரரியில் வந்து சேரும். ஒன்று அதன் முதல் பதிப்பைக் கேட்கும், மற்றொன்று இரண்டாம் பதிப்பைக் கேட்கும். ஒரு பைத்தான் சூழலில் இரண்டையும் சேர்த்து நிறுவ முடியாது. பழைய பிப் முதலில் கண்டதை நிறுவிவிட்டுப் போய்விடும். கோளாறு பின்னால் எங்கோ தலைகாட்டும். 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பிலிருந்து, ஒத்துவராவிட்டால் அப்போதே சொல்லி நின்றுவிடுகிறது. சிவப்பு எழுத்தில் வரும் அந்தச் செய்தியை எரிச்சலோடு மூடிவிடாமல் வாசியுங்கள். யாருக்கு எந்தப் பதிப்பு வேண்டுமென்று அதிலேயே எழுதியிருக்கும்.

லைப்ரரி இல்லாமலே போவதும் உண்டு. 2016 மார்ச்சில் அசர் கோச்சுலு என்ற நிரலாளர், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தன் லைப்ரரிகளை எல்லாம் எடுத்துவிட்டார். அவற்றில் ‘லெஃப்ட்-பேட்’ என்பது வெறும் 11 வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும், அவ்வளவுதான். அது மறைந்ததும் உலகெங்கும் ஏராளமான மென்பொருள்களைக் கட்டியெழுப்ப முடியாமல் போனது. என்பிஎம் சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்தது. பதினோரு வரி வேலையை நாமே எழுதிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் கடவுச்சொல்லைக் காக்கும் குறியாக்கத்தை ஒருபோதும் நாமே எழுதக் கூடாது. அதற்கு வல்லவர்கள் சோதித்த லைப்ரரிதான் வேண்டும்.

2021 டிசம்பரில் வெளிவந்த லாக்ஃபோர்ஜே ஓட்டை இன்னும் கடுமையானது. லாக்ஃபோர்ஜே என்பது ஜாவா நிரல்களில் நடப்பைப் பதிவு செய்யும் சாதாரண லைப்ரரி. ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதிய வாசகம் பதிவாகும்படி செய்தாலே வெளியாள் அந்தக் கணினியில் தன் நிரலை ஓட்டிவிட முடிந்தது. தங்கள் மென்பொருளுக்குள் அது இருக்கிறது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. நாலாவது, ஐந்தாவது கையாக உள்ளே வந்திருந்தது. அதன்பின் மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிட்டு வைக்கும் முறை வேகம் பிடித்தது. நம் நாட்டின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பும் 2024 அக்டோபரில் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

மொபைல் டேட்டாவை நம்பி வேலை செய்யும் மாணவர்களுக்கு ஒன்று. ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் தேவையான கோப்புகளை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். நெட் இல்லாத லேப் கணினியில் அந்த ஃபோல்டரைக் காட்டியே நிறுவலாம். இரண்டு கணினியிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பதிப்பைப் பூட்டிவைத்துவிட்டு அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஓட்டைகள் அடைபடுவது புதிய பதிப்புகளில்தான். ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியை மட்டும் உயர்த்தி, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது.

புதியது என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளை லாசே காலின் என்ற ஒருவரே நெடுங்காலம் பராமரித்துவந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவ வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கை சம்பாதித்து, அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். 2024 மார்ச்சில் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியாளர், தொலைக்கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தேடிப்போய் அதைக் கண்டுபிடித்தார். தமிழுக்கான லைப்ரரிகளையும் ஒரு சிலரே தங்கள் ஓய்வு நேரத்தில் காத்துவருகிறார்கள். அவற்றில் பிழை கண்டால், என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என்ற மூன்றையும் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள்.