சுங்கை பூலோவில் இறால் குளம் தரும் இடம்

சிங்கப்பூரின் வடமேற்கே, கிராஞ்சிப் பக்கம், ஜோகூர் நீரிணையில் கலக்கும் சிற்றாறு சுங்கை பூலோ பெசார். நாளுக்கு இருமுறை கடல் ஏறி உப்புநீர் ஆற்றுக்குள் வரும். வற்றும்போது கரையோரச் சேறு வெளியே தெரியும்.

அந்தச் சேற்றில் இருக்கும் புழுவும் சிறுநண்டும்தான், செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கே சைபீரியா வரையிலிருந்து வந்து தங்கும் உள்ளான்களுக்கு உணவு. கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும். ஆழநீரில் அவற்றால் நிற்க முடியாது.

அப்போது கைகொடுப்பவை பழைய இறால் குளங்கள். முன்பு அங்கிருந்தவர்கள் நீர் ஏறும்போது மதகைத் திறந்து இறால் குஞ்சுகளை உள்ளே விடுவர். வற்றும்போது மதகில் வலை கட்டிப் பிடிப்பர். இன்று அதே மதகு முறையில் குளத்து நீர் குறைத்து வைக்கப்படுகிறது. கடல் வற்றும்வரை பறவைகள் அந்தச் சேற்றில் நின்று இளைப்பாறுகின்றன.

வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகவிருந்த நிலம் இது. 1986ல் பறவை ஆர்வலர்கள் இதன் அருமையைக் கண்டு குரல் கொடுத்தனர். 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002ல் சட்டப் பாதுகாப்புள்ள வனப்பகுதியானது.

போகுமுன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. நீர் ஏறியிருந்தால் குளக்கரையில் பறவைகளைப் பார்க்கலாம். வற்றியிருந்தால் பாலத்திலிருந்து சேற்றில் துள்ளும் மீன்களை, சில நாள்களில் முதலையையும்.