வீசிங் இருக்கா? இன்சூரன்ஸ் ஃபார்ம்ல மறைக்காதீங்க!

ஹெல்த் பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் கேட்பார், "வேற எந்த வியாதியும் இல்லைல சார்?" நீங்க, "பனிக்காலத்துல கொஞ்சம் வீசிங் வரும்"னு இழுப்பீங்க. "அதெல்லாம் ஒரு மேட்டரா?"ன்னு அவர் 'இல்லை'யில டிக் போட்டுடுவார். கமிஷன் அவருக்கு, ரிஸ்க் உங்களுக்கு.

வீசிங், டஸ்ட் அலர்ஜின்னு நாம லேசா சொல்றது பல பேருக்கு ஆஸ்துமாதான். பாலிசி எடுக்கறதுக்கு முந்தைய 36 மாசத்துல டாக்டர் அதைக் கண்டுபிடிச்சிருந்தாலோ, மருந்து எழுதியிருந்தாலோ, அது ஏற்கெனவே இருக்கும் நோய்தான். மறைச்சா எப்படி மாட்டும் தெரியுமா? ராத்திரி மூச்சுத்திணறி அட்மிட் ஆகும்போது டியூட்டி டாக்டர், "எத்தனை வருஷமா இருக்கு?"ன்னு கேட்பார். பதற்றத்துல அம்மா, "சின்ன வயசுலேர்ந்தே"ன்னு சொல்வாங்க. அது கேஸ் ஷீட்ல ஏறும். அந்த கேஸ் ஷீட் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும்.

சொன்னா என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். ஆஸ்துமாவுக்கு மட்டும் காத்திருப்புக் காலம் வரும். 2024-ல ஐஆர்டிஏஐ இதோட உச்சவரம்பை 4 வருஷத்துல இருந்து 3 வருஷமா குறைச்சிடுச்சு. "5 வருஷம் ஓட்டிட்டா கேள்வி கேட்க முடியாது"ன்னு சிலர் சொல்வாங்க. மோசடின்னு நிரூபிச்சா அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆபீஸ் குரூப் பாலிசியில பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் இருக்கும். ஆனா வேலையை விட்டா அதுவும் போச்சு. சொந்த பாலிசியை இப்பவே எடுத்தா அந்த 3 வருஷம் இப்பவே ஓட ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, இன்ஹேலர் செலவை சாதாரண பாலிசி தராது. கேஷுவாலிட்டில நெபுலைசர் வெச்சுட்டு 2 மணி நேரத்துல வீட்டுக்கு வந்தாலும் பொதுவா கிளெய்ம் கிடையாது, 24 மணி நேர அட்மிஷன் வேணும். அதனால இதை மாச பட்ஜெட்லயே வைங்க. டாக்டர் தினமும் போடச் சொன்ன இன்ஹேலரை "இப்ப நல்லாத்தானே இருக்கேன்"னு நிறுத்தறதுதான் ரொம்ப காஸ்ட்லியான சிக்கனம். 'இன்ஹேலர் பழகிடும்'ங்கற பயமும் தேவையில்லாதது. சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணுல 4 மில்லிகிராம் மருந்து இருந்தா, இன்ஹேலர்ல ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம்தான். அதாவது, 40-ல ஒரு பங்கு!

ஏற்கெனவே 'இல்லை'ன்னு டிக் போட்டாச்சா? பழைய பிரிஸ்கிரிப்ஷனை இணைச்சு கம்பெனிக்கு மெயில் போடுங்க. பிரீமியத்தை ஏத்தலாம், பாலிசியை ரத்துகூட பண்ணலாம். ஆனா அது ஆஸ்பத்திரி பில் கவுண்டர்ல நிக்கும்போது தெரியறதைவிட இப்பவே தெரியட்டும். மெயில் காப்பியை பாலிசி பேப்பரோடவே வெச்சுக்கோங்க.